வாங்கிய ரத்தமும் கொடுத்த ரத்தமும்

பைபாஸுக்குத் தேதி குறித்த வீட்டில் பணத்துக்கு வழி பண்ணி முடித்ததும் அடுத்து வருகிற கவலை இது: "ரத்தம் ஏத்துவாங்களாமே, அதுல காமாலைக் கிருமி எதுவும் வந்துடாதே? நம்ம சொந்தக்காரப் பசங்களையே கொடுக்கச் சொல்லிட்டா பயமில்லைதானே?" முதல் கேள்விக்கு, பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று சொல்லலாம். இரண்டாவதற்கான பதில்தான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

தண்ணீரிலும் சாப்பாட்டிலும் தொற்றுகிற காமாலை வேறு. ரத்தத்தின் வழியே வந்து கல்லீரலைப் பிடிப்பவை முக்கியமாக ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்ற இரண்டு வைரஸ்கள். இவற்றைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு, இதய அறுவை செய்துகொண்டவர்களிடமிருந்து கற்றது.

இதயத்தை நிறுத்திவிட்டு அறுவை செய்யும்போது, உடம்பில் ரத்தம் ஓட ஓர் இயந்திரம் வேண்டும். 1960களில் அந்த இயந்திரத்தை நிரப்பவே பல பாட்டில் ரத்தம் பிடித்தது. அறுவையில் இழந்ததை ஈடுகட்ட இன்னும் சில. ஒரு பாட்டிலில் தொற்று இருக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேருடைய பாட்டில்களை ஒருவருக்கே ஏற்றினால், அந்த வாய்ப்பு நூற்றுக்கு முப்பதாக ஏறிவிடும்.

அமெரிக்காவில் பெதஸ்டா நகரில் இருக்கிற தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் நடந்தது ஏறக்குறைய அதேதான். ஹார்வி ஆல்டர், ராபர்ட் பர்செல், பால் ஹாலண்ட் ஆகியோர் அங்கே இதய அறுவை நோயாளிகளைப் பின்தொடர்ந்து கவனித்தார்கள். அறுவைக்கு முன்பே ரத்த மாதிரி எடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் அடிக்கடி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருந்தது. பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாகவே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். நம் லேப் சீட்டில் எஸ்ஜிபிடி என்று போடுகிறார்களே, அந்த அளவு மட்டும் ஆறேழு வாரம் கழித்துப் பல மடங்கு எகிறி நிற்கிறது. தேடிப் போய் ரத்தம் எடுத்திராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்போது அங்கே பெருமளவு ரத்தம் காசுக்கு வாங்கியது. காசுக்கு ரத்தம் விற்க வருபவர் வறுமையில் இருப்பவர். தன் நோயை மறைத்தால்தான் அவருக்கு அன்றைய சாப்பாடு. 1970இல் அந்த மருத்துவமனை இரண்டு காரியம் செய்தது. விற்பனை ரத்தத்தை நிறுத்திவிட்டு, தாமாக வந்து கொடுப்பவர்களுடைய ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. புதிதாக வந்திருந்த ஹெபடைடிஸ் பி பரிசோதனையையும் தொடங்கியது. மூன்றில் ஒன்றாக இருந்த தொற்று பத்தில் ஒன்றுக்கு இறங்கியது. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு கொடையாளர்களை மாற்றியதால் வந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். அன்றைய பி பரிசோதனை அவ்வளவு கூர்மையானதில்லை.

மிச்சமிருந்த தொற்று எது? 1975இல் சோதித்துப் பார்த்தபோது அது ஹெபடைடிஸ் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. அப்படியே பெயரில்லாமல் பதினான்கு வருஷம் ஓடியது. 1989இல் கலிபோர்னியாவின் கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டன் குழு அதன் மரபணுத் துண்டைப் பிடித்தது. உறைபெட்டியில் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த நோயாளிகளின் மாதிரிகளை, எது தொற்றியது எது தொற்றாதது என்று சொல்லாமல் ஆல்டர் கொடுத்தனுப்பினார். அந்தத் துண்டைக் கொண்டு உருவாக்கிய புதிய பரிசோதனை சரியாகப் பிரித்துச் சொன்னது. அதுதான் ஹெபடைடிஸ் சி. ஆல்டர், ஹௌட்டன், இதே வைரஸை ஆராய்ந்த சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயோடு வீடு திரும்பி, மாதா மாதம் கை நீட்டி ரத்தம் கொடுத்த அந்த நோயாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இன்றைக்கு இயந்திரத்தை ரத்தம் ஊற்றி நிரப்புவதில்லை. பெரும்பாலும் உப்புத் திரவம்தான். சிந்திய ரத்தத்தைக் கழுவி நோயாளிக்கே திருப்பி ஏற்றவும் முடிகிறது. வேறொருவர் ரத்தமே தேவைப்படாமல் முடிகிற பைபாஸ்களும் நிறைய. அறுவைக்கு முன் ரத்தசோகை இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள், அதுவே பாதி உதவி. நம் நாட்டில் ஒவ்வொரு யூனிட்டையும் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ், மலேரியாவுக்குச் சோதிப்பது கட்டாயம். ஆனாலும் தொற்றிய முதல் சில நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் வைரஸ் தென்படாது. வைரஸின் மரபணுவையே தேடுகிற நாட் பரிசோதனை அந்த இடைவெளியைச் சுருக்குகிறது, அடியோடு மூடுவதில்லை.

அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது கொடுப்பவரின் உண்மை மட்டும்தான். இப்போது சொந்தக்காரப் பையன் விஷயத்துக்கு வருவோம். மாமனாருக்கு ஆபரேஷன். மருமகன் ரத்த வங்கியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிறார். சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா, மனைவி அல்லாதவரோடு உறவு உண்டா என்று அதில் கேட்டிருக்கிறது. வெளியே பெஞ்சில் மைத்துனன் காத்திருக்கிறான். மருமகன் எதை எழுதுவார்? காசுக்கு விற்றவரை எது பொய் சொல்ல வைத்ததோ, அதே நெருக்கடியை இங்கே குடும்பம் உண்டாக்குகிறது. உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பால் ரத்த விற்பனை 1998 ஜனவரி முதல் ஒழிந்தது. "நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இன்னொரு விஷயம், நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் ஏற்றினால், அரிதாக அதுவே தனி ஆபத்தாகிவிடும். யாரும் கூப்பிடாமல் முகாமுக்கு வந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகிற முகம் தெரியாத ஆளின் ரத்தமே என் கணக்கில் மேல்.

2002க்கு முன் இதய அறுவையோ வேறு பெரிய அறுவையோ ஆகி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு ஒரே ஒருமுறை ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்துவிடுங்கள். இந்த வைரஸ் இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கல்லீரலைச் சுருக்கக்கூடியது. இருப்பது தெரிந்துவிட்டால் பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் மாத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.