கதையைச் சொல்லாமல் கதைக்கு அழைத்தல்

நல்ல நூலொன்றைப் படித்து முடித்தவருக்கு அதனைப் பிறரும் படிக்கவேண்டுமென்ற அவா எழுவது இயல்பு. அவ்வவா மிகும்போது நா அடங்குவதில்லை. "அந்த இடத்தில் என்ன நடக்கிறது தெரியுமா?" என்று அவர் ஆர்வத்தோடு தொடங்கிவிடுகின்றார். கேட்பவரோ நூலைக் கையில் எடுக்குமுன்னரே அதன் சுவையிற் பாதியை இழந்துவிடுகின்றார். ஒரு கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். முடிவறியாமற் படிக்கும் வாய்ப்பு ஒரே முறைதான் கிட்டும். அதனைப் பறித்துவிட்டுப் பின்னர் வருந்திப் பயனில்லை.

தமிழில் இச்சங்கடம் மிகுதியாக நேர்வது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' விடயத்திலேயாம். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள் கொண்ட நெடுங்கதை அது. 1950ஆம் ஆண்டு அக்டோபர் 29 முதல் 1954ஆம் ஆண்டு மே 16 வரை, மூன்றரை ஆண்டுகள், 'கல்கி' வார இதழில் மணியத்தின் சித்திரங்களோடு வெளிவந்தது. தமிழகத்திலும் இலங்கையிலும் அதனை இதழிலிருந்து கழற்றித் தைத்து, அட்டை கட்டிப் பாதுகாத்த குடும்பங்கள் பல. அவ்வாசகர்கள் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு வாரம் காத்திருந்தார்கள். இன்றைய வாசகரோ ஐந்து பாகங்களையும் ஒருங்கே பெறுகின்றார். பக்கங்களின் தொகையைப் பார்த்ததும் மலைத்து, "சுருக்கமாகக் கதையைச் சொல்லுங்களேன்" என்று கேட்கின்றார். சிபாரிசு செய்பவருக்கு அதுவே சோதனை.

அப்படிக் கேட்பவருக்கு எவ்வளவு சொல்லலாம்? தொடக்கத்தைத் தாராளமாகச் சொல்லலாம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாள். கடல்போல் விரிந்த வீரநாராயண ஏரி. புது வெள்ளத்தைக் கண்டு களிக்கக் குடும்பம் குடும்பமாய்த் திரண்ட மக்கள். அவர்களுக்கிடையே களைத்த குதிரையின்மீது வருகின்ற வல்லவரையன் வந்தியத்தேவன் என்னும் வாலிபன். காஞ்சியிலுள்ள பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன், தஞ்சையில் நோயுற்றிருக்கும் தந்தை சுந்தர சோழருக்கும் பழையாறையிலுள்ள தங்கை குந்தவைக்கும் அனுப்பிய ஓலைகள் அவனிடம் உள்ளன. அன்றிரவு அவன் கடம்பூர் மாளிகையிலே தங்குகின்றான். புதிய வாசகரை அம்மாளிகையின் வாயில்வரை அழைத்துச் செல்லலாம். உள்ளே அவன் காண்பதையும் கேட்பதையும் நூலே சொல்லட்டும்.

அதற்கப்பால் சொல்லத்தக்கது கதையன்று, கதை செல்லும் விதம். வந்தியத்தேவன் அறிந்ததையே பெரும்பாலும் வாசகரும் அறிகின்றார். அவன் வாய்த்துடுக்கால் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்போது வாசகரும் அவனோடு அகப்படுகின்றார். ஆழ்வார்க்கடியான் என்னும் வீர வைஷ்ணவனின் சச்சரவுகளிலே சிரிப்புண்டு; ஆனால் அவனைச் சிரிப்புக்கு மட்டுமே உரியவனென்று கருதிவிடவேண்டாமென எச்சரித்தல் தகும். கோடிக்கரையின் படகுக்காரி பூங்குழலி, கொடும்பாளூர் இளவரசி வானதி என்று பெயர்களைச் சொல்லலாம். இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்பதைமட்டும் எக்காரணங்கொண்டும் சொல்லலாகாது. இந்நூலின் மறைபொருளிற் பெரும்பகுதி உறவுகளிலேதான் புதைந்து கிடக்கின்றது.

தடைகளையும் மறைக்கவேண்டியதில்லை. கதையின் வேகத்தை நிறுத்திவிட்டு ஆசிரியர் சோழர் வரலாற்றை விரித்துரைக்கும் இடங்கள் உண்டு. சைவ வைணவ வாதங்கள் நீளுவதும் உண்டு. முதன்முறை படிப்பவர் அவற்றை விரைந்து கடந்து சென்றாலும் குற்றமில்லை. நூலின் பெயருக்குரிய இளவரசன் முதற் பாகம் முழுவதும் பிறருடைய பேச்சிலும் நினைவிலுமே வருகின்றான் என்பதையும் முன்னரே கூறிவிடுவது நலம். இல்லையேல் "செல்வன் எங்கே?" என்று தேடித் தேடிச் சிலர் சோர்ந்துபோகின்றார்கள். இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்'றிலே கதை கடல் கடந்து இலங்கைக்கு வருகின்றது. அநுராதபுரத்தையும் தம்புள்ளையையும் நேரிற் கண்ட இலங்கை வாசகருக்கு அப்பாகம் தனி இன்பம் தரும். ஆயினும் அங்கே விவரிக்கப்படுவது சோழநாட்டுப் பக்கமிருந்து காணும் இலங்கையே என்பதை அவர் மறவாதிருத்தல் நன்று.

"வரலாறு முன்னமே தெரிந்ததுதானே, இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவுவோரும் உளர். இராஜராஜ சோழன் கி.பி. 985இல் அரியணை ஏறியதையும் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டுவித்ததையும் பள்ளி மாணவரும் அறிவர். அதனால் கதையின் பதற்றம் சிறிதும் குறைவதில்லை. அதற்கு முந்திய காலத்திலே, வரலாற்றாசிரியரும் இன்றுவரை ஐயந்தீரப் பேசமுடியாத நிகழ்ச்சியொன்றைக் கல்கி தம் கதையின் நடுவில் வைத்தார். மூன்றாம் பாகத்தின் பெயர் 'கொலைவாள்'. அப்பெயரைக் கேட்டவர் "யாரை?" என்று வினவுவார். அந்த ஒரு வினாவுக்காவது வாய் திறவாதிருப்பதே உண்மையான நட்பு.

நூலுக்குள்ளேயே ஒரு பொறி உண்டு. ஐந்தாம் பாகத்தின் இறுதியில், பாத்திரங்கள் பின்னர் என்னவானார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு விடையாகக் கல்கி ஒரு முடிவுரை எழுதினார். கடைசிப் பக்கத்தை முதலிற் புரட்டும் வழக்கமுடையோர் அங்கே கண்ணோட்டினால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். அப்பாகம்மட்டும் 91 அத்தியாயங்கள் கொண்டது. அதனைக் கடைசிவரை கண்ணிற் படாமல் வைத்திருப்பதே உத்தமம். 2022இலும் 2023இலும் மணிரத்தினத்தின் இயக்கத்தில் இரு பகுதிகளாக வந்த திரைப்படத்தைக் கண்டவர்கள், இனி நூல் எதற்கு என்று கருதவேண்டியதில்லை. படத்திலே சுருக்கியதும் மாற்றியதும் பல.

கல்கியின் மற்ற வரலாற்று நவீனங்களில் எதனை முதலிற் படிப்பது என்ற வினாவும் எழும். 'பொன்னியின் செல்வ'னுக்கு முன்னாயத்தம் எதுவும் தேவையில்லை. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகிய இரண்டும் அதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முற்பட்ட பல்லவர் காலத்தன. அவற்றுள் முதலில் எழுதப்பட்டது 'பார்த்திபன் கனவு'. கதைக் காலத்தால் முந்தியது 'சிவகாமியின் சபதம்'. எழுதிய வரிசையிற் படித்தால் பிந்திய நூலின் போக்கு ஓரளவு முன்னரே தெரிந்துவிடும். ஆகவே 'சபத'த்தை முதலிலும் 'கன'வைப் பின்னரும் கொடுப்பதே பொருத்தம்.

இரவல் கொடுப்பவர் ஐந்து பாகங்களையும் ஒன்றாகக் கட்டிக் கொடாமல் 'புது வெள்ள'த்தை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். பெற்றுச் சென்றவர் 57 அத்தியாயங்களையும் முடித்துக்கொண்டு வந்து, "அந்தப் பெண் உண்மையில் யார்?" என்று படியேறும்போதே கேட்பார். மறுமொழி எதுவும் கூறாமல் இரண்டாம் பாகத்தை எடுத்து அவர் கையிற் கொடுத்துவிடலாம்.