பரலும் தூரிகையும்

தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதியில் ஒரு காலத்தில் வாகனங்கள் ஓடின என்று வாப்பாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1998 ஜனவரி 25இல் அங்கே குண்டு வெடித்த பின்னர் அவ்வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதற்குப் பின் பிறந்த மாணவிகளுக்கு வீதித்தடையும் உடற்சோதனையும் வாவிக்கரை மரங்களைப் போல ஊரின் ஒரு பகுதி. சமூகம் இராணுவமயமாகிறது என்றால் துப்பாக்கிகள் பெருகுவது மட்டுமல்ல; அவை கண்ணுக்குப் பழகிப்போவதும்தான்.

சிங்கள ஓவியர் சந்திரகுப்த தேனுவர தம் கலைக்கு எடுத்துக்கொண்டது இந்தப் பழக்கத்தையே. போர்க்காலத்தில் கொழும்பின் சோதனைச் சாவடிகளில் பரல்கள் வரிசையாக நின்றன. அவற்றின்மேல் திட்டுத்திட்டாக உருமறைப்புச் சாயம் பூசப்பட்டிருந்தது. அது காட்டுக்குள் ஒளிந்துகொள்வதற்கான சாயம். நடுவீதியில் நிற்கும் பரலுக்கு எதற்கு? இங்கே படை நிற்கிறது என்று காட்டத்தான். மறைக்க வேண்டிய நிறம் மிரட்டும் நிறமாயிற்று. தேனுவர 1997இல் அந்தப் பரலையே கலைப்பொருளாக்கி, அதற்குப் 'பரல்வாதம்' என்று பெயரும் வைத்தார். கியூபிசம், சர்ரியலிசம் என்பவற்றோடு சேர்ந்து ஒலிக்கும் குறும்பான பெயர். வீதியில் திரும்பிப் பாராமல் கடந்த பரலைக் கண்காட்சியில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் போன வழி வேறு. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. 'பூர்த்தியாகாத தோம்பு' என்று பொருள்படும் அவருடைய நூல் 2011இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தந்த தரைப்படங்கள் அதில் உள்ளன. போரைப் பற்றிய நூல்தான். பார்க்கக் கிடைப்பதோ அறையும் வாசலும். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கோடுகளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கலை எப்போதும் கேள்வி கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 இறுதியில் இளைஞர்கள் நாடெங்கும் மதில்களில் வரைந்தபோது, இயற்கைக் காட்சிகளோடு அரசர்களும் போர்வீரர்களும் எழுந்தனர். அழுக்குச் சுவர் அழகானது நல்லதே. ஆனால் அந்த வீரக் கதையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை.

2018 மார்ச்சில் திகன வன்செயலின்போது அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டு, நம் வீதிகளிலும் படையினர் நின்றனர். அவர்களைக் கண்டு நிம்மதியடைந்த வீடுகளும் உண்டு. முன்பே ஏன் வரவில்லை என்று கேட்ட வீடுகளும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே தாளில் கொண்டுவந்த ஓவியம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.