பன்னிரண்டு பேரும் பதினான்கு நாள்களும்

அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவரின் மகள் தொலைபேசியில் அழைத்தார். கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. பால் உற்பத்தியாளர்கள் அன்றாடம் ஊற்றும் பாலின் அளவையும் தங்களுக்கு வரவேண்டிய தொகையையும் குறித்து வைத்துக்கொள்ள ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்கியிருந்தார். "ஐயா, 14 நாள்களுக்கு இதை உங்கள் கைப்பேசியில் வைத்திருங்கள், நடுவில் நீக்கிவிடாதீர்கள்" என்றார். பயன்படுத்திப் பாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. வைத்திருங்கள் என்றுதான் கேட்டார்.

இந்த வேண்டுகோளின் பின்னணியில் ஒரு விதி இருக்கிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்கு தொடங்கியவர்கள், கூகுள் பிளே ஸ்டோரில் ஒரு செயலியைப் பொதுமக்களுக்கு வெளியிடும் முன்பு "மூடிய சோதனை" நடத்தியாக வேண்டும். தொடக்கத்தில் குறைந்தது 20 சோதனையாளர்கள் தேவைப்பட்டனர். 2024 டிசம்பரில் அது 12 ஆகக் குறைக்கப்பட்டது. அவர்கள் 14 நாள்கள் இடைவெளியின்றிச் சோதனையில் இணைந்திருக்க வேண்டும். அதன் பின்னரே வெளியிடுவதற்கான அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். அதில் சோதனையாளர்களை எவ்வாறு திரட்டினீர்கள், என்ன கருத்துகள் வந்தன, என்ன திருத்தங்கள் செய்தீர்கள் என்ற கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். நிறுவனங்களின் கணக்குகளுக்கு இந்த நிபந்தனை இல்லை.

இப்படியொரு கட்டுப்பாடு ஏன் வேண்டும்? 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையை முன்வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு விடை உண்டு. பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்நிலை நீடித்தால் நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காது. நல்லவை சந்தையைவிட்டு வெளியேறும், மட்டமானவை மிஞ்சும். செயலிச் சந்தையும் இத்தகையதே. 25 டாலர் கட்டணத்தை ஒருமுறை செலுத்தினால் கணக்கு தொடங்கிவிடலாம் என்ற நிலையில், அரைகுறைச் செயலிகளும் ஏமாற்றுச் செயலிகளும் குவிவதைத் தடுக்க வாயிலில் ஒரு காவல் தேவைதான்.

சோதனைக்குத் தன்னளவிலும் பயன் உண்டு. வினாத்தாள் தயாரித்தவரே அதைச் சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது. தாம் எழுத நினைத்ததையே அவர் தாளில் படிப்பார். எனவேதான் வேறொருவர் கூர்ந்தாய்ந்த பின்னரே அது அச்சுக்குச் செல்கிறது. செயலிக்கும் இது பொருந்தும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நூற்றுக்கணக்கான வகைகள் உள்ளன. விலை உயர்ந்த கைப்பேசியில் சீராக இயங்கும் செயலி, நினைவகம் குறைந்த பழைய கைப்பேசியில் திணறக்கூடும். மின்கலம் விரைவில் தீர்வது போன்ற குறைகள் சில நாள் பயன்பாட்டுக்குப் பிறகே புலப்படும்.

ஆக, விதியின் நோக்கத்தில் பிழையில்லை. அது அளக்கும் பொருளில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு தகுதி அடையாளம் எப்போது நம்பத்தக்கதாகிறது என்பதை 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் விளக்கினார். தகுதியுள்ளவர் அதை எளிதாகவும், தகுதியற்றவர் பெரும் செலவிலும் மட்டுமே பெற முடிந்தால்தான் அந்த அடையாளத்துக்கு மதிப்பு உண்டு. 12 பேர் என்ற எண்ணிக்கை இதற்கு நேர்மாறாகச் செயல்படக்கூடும். மோசடிக்காரரால் 12 கைப்பேசிகளைப் பணம் கொடுத்துத் திரட்ட முடியும். தனித்து இயங்கும் சிற்றூர் மாணவரோ ஒவ்வொருவராகக் கெஞ்ச வேண்டும்.

எதிர்பார்த்தபடியே இணையத்தில் ஒரு துணைச் சந்தை முளைத்திருக்கிறது. கட்டணத்துக்குச் சோதனையாளர்களை அளிப்போர் ஒருபுறம். "உன் செயலியை நான் வைத்துக்கொள்கிறேன், என் செயலியை நீ வைத்துக்கொள்" என்ற பண்டமாற்று மறுபுறம். ஓர் அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாகப் பயன்படாமல் போய்விடும் என்பது பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. அதன் மெய்ப்பாட்டை இங்கே காண்கிறோம்.

அந்த மாணவிக்கு நான் ஒரு நிபந்தனை விதித்தேன். சோதனையாளர்களுள் இருவராவது மாடு வளர்ப்பவராக இருக்க வேண்டும் என்றேன். உறவினர் வழியாக இரண்டு பால்காரர்களைச் சேர்த்தார். விடுதித் தோழியர் ஒருவர்கூடக் காணாத குறையை அவர்கள் மூன்றாம் நாளே கண்டனர். செயலியில் மாதம் முழுவதற்கும் ஒரே விலைதான் பதிவாகும். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் கொழுப்புச் சத்து மாறும், அதற்கேற்ப விலையும் மாறும் என்பதை நகரத்தில் வளர்ந்த அந்தப் பெண் அறிந்திருக்கவில்லை. அந்தப் பிழையோடு வெளியாகியிருந்தால், கணக்கை நம்பிய ஒருவர் மாதக் கடைசியில் பால் சங்கத்தோடு வீண் வழக்காடியிருப்பார்.

செயலி உருவாக்கும் இளைஞர்கள் இதிலிருந்து சிலவற்றைக் கொள்ளலாம். சோதனையாளர்களைச் செயலியின் தேவை உள்ளோரிடையே தேடுங்கள். சிலர் விலகக்கூடும் என்பதால் 15 அல்லது 16 பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்காமல், குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யச் சொல்லி எங்கே தடுமாறினார்கள் என்று கேளுங்கள். வந்த குறைகளையும் செய்த திருத்தங்களையும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். விண்ணப்பத்தின் கேள்விகளுக்கு அக்குறிப்பேடே நேர்மையான விடையாகும்.

நிறுவனத்துக்கும் கடமை உண்டு. எண்ணிக்கையை 20-லிருந்து 12 ஆகக் குறைக்க முடிந்ததெனில், அந்த எண்ணில் புனிதம் ஏதுமில்லை என்பது தெளிவு. உண்மையான பயன்பாட்டுக்கும் செய்யப்பட்ட திருத்தங்களுக்கும் கூடுதல் மதிப்பளிக்கலாம். விண்ணப்பத்தை மறுக்கும்போது எந்தக் குறையால் மறுக்கப்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். கல்லூரிகள் பொறுப்பேற்று நடத்தும் சோதனைகளை ஏற்கலாம். கல்லூரிகளும் இறுதியாண்டுச் செயல்திட்டத்தில் இத்தகைய சோதனையை ஒரு பகுதியாக்கினால், மாணவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் இரந்து நிற்க வேண்டியதில்லை.

பதினான்கு நாள்களும் அந்தச் செயலியை நான் நீக்கவில்லை. ஆனால், சோதனையாளர் என்ற பெயருக்கு உரியவர்கள் அந்த இரண்டு பால்காரர்கள்தாம். என்னைப் போன்ற பத்துப் பேர் எண்ணிக்கைக்குத்தான் பயன்பட்டோம்.