476இல் ஒரு மாலுமி?

பழங்காலத்தில் 476 கனமான ஆண்டு. செப்டம்பர் 4 அன்று ஒடோவாக்கர் என்ற படைத்தலைவர், ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவனை மேற்கு ரோம அரியணையிலிருந்து இறக்கினார். கொல்லவில்லை, மானியம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆரியபட்டர் பிறந்ததும் அதே ஆண்டுதான். கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று அவரே ஆரியபட்டீயத்தில் எழுதியிருக்கிறார். கலி தொடங்கியது கி.மு. 3102. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ஜிய ஆண்டு கிடையாது. எனவே 3600இல் 3101 போனால் 499, அதில் 23 போனால் 476. சாரநாத்தில் புதகுப்தர் என்ற குப்தப் பேரரசரின் பெயரோடு ஒரு புத்தர் சிலை இருக்கிறது. அதில் குப்த ஆண்டு 157 என்றிருக்கிறது. அதுவும் நம் கணக்கில் 476-77.

சரி, அப்போது நம் பினாங்குப் பக்கம்? ஜார்ஜ்டவுனில் பெர்ரி ஏறினால் எதிர்க்கரை செபராங் பிறை. அதன் வடபகுதியில் 1834இல் ஜேம்ஸ் லோ என்ற மதராஸ் படை அதிகாரி ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். நடுவே ஒரு தூபி, அதன்மேல் அடுக்கடுக்காக ஏழு குடைகள், ஓரங்களில் சமஸ்கிருதம். ரக்தமிருத்திகையைச் சேர்ந்த மகாநாவிகர் புத்தகுப்தர், கடற்பயணம் நல்லபடி முடிய வேண்டி வைத்த கல் அது. ரக்தமிருத்திகை வங்காளத்து முர்ஷிதாபாத் பக்கம் என்பது பலர் கருத்து. பேரரசரின் பெயரும் இவர் பெயரும் ஒன்றுபோல ஒலித்தாலும் ஆள் வேறு. பேரரசருக்கு ஆண்டு இருக்கிறது. மாலுமியின் கல்லில் ஆண்டும் இல்லை, அரசன் பெயரும் இல்லை.

எழுத்துதான் சாட்சி. பழைய கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் பெல்பாட்டத்தைப் பார்த்தே எந்தக் காலத்துப் படம் என்று பாட்டிமார் சொல்லிவிடுவார்கள் அல்லவா, அதே வித்தைதான். தென்னாட்டு எழுத்தில் க, ர ஆகியவற்றின் செங்குத்துக் கால், நாளாக நாளாக நீண்டு அடியில் மேல்நோக்கி வளைந்தது. ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டுகளை வரிசையாக வைத்து, இந்தக் கல்லின் எழுத்து எங்கே பொருந்துகிறது என்று பார்த்தார்கள். கிடைத்த விடை: 5ஆம் நூற்றாண்டு. அதற்குள் எந்த ஆண்டு என்று எழுத்தால் சொல்ல முடியாது. ஆரியபட்டர் தொட்டிலில் கிடந்தபோது புத்தகுப்தர் இங்கே நங்கூரம் போட்டிருந்தார் என்று கற்பனை செய்ய எனக்கும் ஆசைதான். கல் அதற்கு இடங்கொடுக்காது.

கல் இப்போது கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஒரு பௌத்தச் செய்யுளும் உண்டு. அறியாமையால் வினை சேரும், வினையால் பிறவி வரும், ஞானம் வந்தால் இரண்டும் நின்றுபோகும் என்பது அதன் சாரம். தன் பிறப்பைக் குறிக்காத மனிதர், பிறவி எப்படி வருகிறது என்பதை மட்டும் விளக்கமாகச் செதுக்க வைத்திருக்கிறார்! கெடாவின் புக்கிட் மெரியத்தில் கிடைத்த கல்லிலும் இதே செய்யுள் இருக்கிறது. ஆக அது அவருடைய சொந்தச் சரக்கல்ல, இந்தக் கரையில் புழங்கிய பாடம்.