ஆட்டிசம் பெற்றோர் வழி வருவதா?

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் கூறியதும், “இது யார் வீட்டு வழி?” என்னும் வினா குடும்பத்தில் எழுகின்றது. பெரும்பாலும் பழி தாயின்மேல் விழுகின்றது.

அப்பழி பழையது. 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் இந்நிலையை விவரித்தார். பின்னர், அன்பு காட்டாத தாயே இதற்குக் காரணம் என்ற கொள்கை பரவிற்று. 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்னும் இருவர் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு அதனை வலுவிழக்கச் செய்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் 4-இல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருக்களாய் உருவான 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை.

ஆகவே மரபுக்குப் பெரும்பங்கு உண்டு. எனினும் அதற்கு ஒருவரைச் சுட்டுதல் இயலாது. தாய்வழியும் தந்தைவழியும் வந்த எத்தனையோ சிறு வேறுபாடுகள் ஒருங்கு கூடுகின்றன. சில குழந்தைகளிடமோ, பெற்றோரிடம் காணப்படாத மாற்றம் கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாகத் தோன்றியிருக்கும். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பின், இளைய குழந்தைக்கும் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 5-இல் 1 ஆகும். ஆதலின் இளையதன் பேச்சையும் பார்வையையும் தொடக்கமுதலே கவனித்தல் நலம்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு மற்றோர் அச்சமும் உண்டு. வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழியும் வழங்குவதால் ஆட்டிசம் விளைவதில்லை. குழந்தையிடம் தமிழில் பேசுவதை நாம் நிறுத்த வேண்டுவதில்லை. பழி தேடும் பொழுதைப் பயிற்சிக்குச் செலவிடுவோமாக.