வெப்பநிலை முள் ஏன் ஆடுகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் கனரக வண்டிகளின் ஓட்டுநர்கள், சாலையோடு இன்னொன்றையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதுதான் எஞ்சினின் வெப்பநிலையைக் காட்டும் முள்.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய கேரவன் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டீசல் எஞ்சின், மொத்த எடை 6 டன். உதகை வரை ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். சுமார் 11 கோடி ஜூல் வரும். இது 3 லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல். ஆனால் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. ஆகவே ஏற்றத்துக்கென்றே 9 லிட்டர் எரிய வேண்டும்! எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். பெரும்பாலான மீதியை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சுமந்துசென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது.

எனவே ஏற்றத்தில் முள் சற்று உயர்வது இயல்பே. அது எப்போது ஆடுகிறது, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதில்தான் கோளாறின் அடையாளம் இருக்கிறது.

நெரிசலில் நிற்கும்போது உயர்ந்து, ஓடும்போது இறங்கினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். சுமையோடு ஏறும்போது மட்டும் உயர்ந்துகொண்டே போனால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கக்கூடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கினால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். இது மெழுகால் இயங்கும் வால்வு. சூடேறியதும் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். பல எஞ்சின்களில் 80 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே இது நிகழும். கழற்றி எடுத்து, வெப்பமானியுடன் சேர்த்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால் எப்போது திறக்கிறது என்று கண்ணாலேயே காணலாம். உங்கள் பள்ளி ஆய்வகமே இதற்குப் போதும்.

முள் ஒரே நொடியில் 20 டிகிரி தாவினால்? 15 லிட்டர் நீரை 20 டிகிரி சூடாக்க 12.6 லட்சம் ஜூல் தேவை. அதை ஒரு நொடியில் தர 1,260 கிலோவாட் திறன் வேண்டும். நம் வண்டியின் எஞ்சினோ 100 கிலோவாட் அளவுதான்! ஆகவே நீர் அவ்வளவு விரைவில் சூடாகியிருக்க முடியாது. உணரியின் கம்பி தளர்ந்திருக்கும். அல்லது காற்றுக்குமிழ் ஒன்று உணரியைக் கடந்து போயிருக்கும்.

இரண்டாவது காரணம் பொல்லாதது. நீர் கசிந்து குறைந்து, உணரியைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால் வெப்பம் அதற்குச் சரியாக எட்டாது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் இறங்கும்! 'அப்பாடா, ஆறிவிட்டது' என்று மேலும் ஓட்டினால் சிலிண்டரின் தலைப்பகுதி கோணிவிடும்.

அதற்காக வண்டியை நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடக் கூடாது. உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருந்தால் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். உதகையின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 105 டிகிரியில் இருக்கும் நீரின் மூடியைத் திருகினால், அக்கணமே அது கொதித்து முகத்தில் பீறிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே மூடியைத் தளர்த்தி நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் ஆகாது. இரும்பு விரிசல் விட்டுவிடும்.