மூழ்கிய கப்பலின் சாப்பாட்டு அட்டை 80 லட்சம் ரூபாய்!
சாவி, கடிகாரம், வயலினுக்கும் போட்டா போட்டி

அது ஒரு துண்டு அட்டை. ராத்திரி சாப்பாட்டுக்கு என்னென்ன அயிட்டம் என்று அதில் அச்சடித்து இருக்கிறது. தண்ணீர் பட்டு எழுத்து மங்கிவிட்டது. பழைய பேப்பர் கடையில் போட்டால் பத்து பைசா தேறாது.

இந்த அட்டை 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. 80 ஆயிரம் பவுண்டுக்கும் மேலே போனது. நம் பணத்தில் 80 லட்சம் ரூபாய்க்கு மேல்!

காரணம், அது "டைட்டானிக்" கப்பலின் அட்டை. 1912-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந்தேதி இரவு முதல் வகுப்பு பயணிகளுக்கு சிப்பி, சால்மன் மீன், வாத்துக்கறி என்று பரிமாறிய விருந்தின் பட்டியல். மூன்றாம் நாள் இரவு 11-40 மணிக்கு கப்பல் பனிப்பாறையில் மோதியது. விடிவதற்குள் சுமார் 1,500 பேர் பரிதாபமாக இறந்தார்கள்.

ஒரு தனி கூட்டம்

தபால் தலை, பழைய நாணயம் சேர்ப்பவர்களைப் போல, பழைய பயணிகள் கப்பல்களின் சாமான்களை சேர்ப்பதற்கென்றே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டம் உண்டு. தட்டு, ஸ்பூன், டிக்கெட், பெட்டியில் ஒட்டும் லேபிள், மேல்தளத்து சாய்வு நாற்காலி, எது கிடைத்தாலும் விடமாட்டார்கள். ஆனால் டைட்டானிக் என்ற பெயர் வந்தால்தான் விலை ஆகாயத்துக்கு ஏறும்.

சரி, கடலுக்கு அடியில் போன கப்பலின் சாமான் கரைக்கு எப்படி வந்தது?

வழிகள் சிலதான். கப்பல் கடைசியாக நின்ற அயர்லாந்து துறைமுகத்தில் பயணிகள் தபாலில் போட்ட கடிதங்கள் ஒரு வழி. உயிர் தப்பிய சுமார் 700 பேரின் சட்டைப் பையில் இருந்தவை இன்னொரு வழி. மூன்றாவது வழி சோகமானது. "மெக்கே பென்னட்" என்ற கப்பல் கடலில் தேடி 306 உடல்களை மீட்டது. அந்த உடல்களில் இருந்த சாமான்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பப்பட்டன.

கடலடியில் கப்பல் கிடக்கும் இடத்தை 1985-ல் கண்டுபிடித்தார்கள். 1987 முதல் ஆயிரக்கணக்கான பொருட்களை மேலே எடுத்தார்கள். ஆனால் அவற்றை பிரித்து தனித்தனியாக விற்கக்கூடாது என்று அமெரிக்க கோர்ட்டு நிபந்தனை போட்டுவிட்டது. அதனால்தான் ஏல கடைக்கு வருகிற சொற்பத்துக்கு இத்தனை கிராக்கி!

சாவியோடு இறங்கியவர்

டேவிட் பிளேர் என்ற அதிகாரி, கப்பல் புறப்படும் நேரத்தில் வேலையில் இருந்து மாற்றப்பட்டார். கொடிமரத்துக் காவல்காரர்களுக்கான பெட்டியின் சாவியை ஞாபக மறதியாக கையோடு கொண்டுபோய் விட்டார். காவல்காரர்களிடம் பைனாகுலர் இல்லை. இருந்திருந்தால் பாறையை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருப்போம் என்று அவர்களில் ஒருவர் விசாரணையில் சொன்னார். அந்த சாவி 2007-ல் 90 ஆயிரம் பவுண்டுக்கு விற்றது.

அமெரிக்க கோடீசுவரர் இசிடோர் ஸ்ட்ராஸ் கப்பலோடு இறந்தவர். மனைவி ஐடாவுக்கு உயிர் காக்கும் படகில் இடம் கிடைத்தது. "நான் போகமாட்டேன்" என்று அந்த அம்மாள் கணவரோடு இருந்துவிட்டார். அவருடைய உடலில் இருந்து எடுத்த தங்க கடிகாரம் 2025 நவம்பரில் 17 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போனது. டைட்டானிக் பொருள் ஒன்றுக்கு அதுவரை கிடைக்காத விலை.

போலி உஷார்!

விலை ஏறினால் போலியும் கூடவே வருமே! டைட்டானிக்கின் கம்பெனிக்கு வேறு பல கப்பல்களும் இருந்தன. கம்பெனி முத்திரை போட்ட தட்டும் கிண்ணமும் எல்லா கப்பலுக்கும் பொது. வேறு கப்பலின் தட்டை "டைட்டானிக் தட்டு" என்று சொல்லி விற்பது சுலபம். "எங்கே இருந்து, யார் கை வழியாக வந்தது?" என்று காகிதம் கேட்காமல் விவரம் தெரிந்தவர்கள் பர்சை திறக்கமாட்டார்கள்.

டைட்டானிக்கின் அக்காள் கப்பல் "ஒலிம்பிக்". அச்சு ஒன்று, அலங்காரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அது 1935 வரை ஒழுங்காக ஓடி, பிறகு உடைக்கப்பட்டது. அதன் மரவேலைப்பாடு இங்கிலாந்தில் ஆல்ன்விக் என்ற ஊரில் ஓட்டல் சுவரில் இருக்கிறது. மக்கள் அதன் நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு போகிறார்கள். பத்திரமாக கரை சேர்ந்த கப்பலுக்கு அவ்வளவுதான் மவுசு!

வயலின் விலை 9 லட்சம் பவுண்டு

கப்பல் மூழ்கும்போதும் வாத்தியம் வாசித்த 8 பேரும் இறந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் வாலஸ் ஹார்ட்லி. காதலி மரியா நிச்சயதார்த்தத்துக்கு பரிசளித்த வயலின் அவரிடம் இருந்தது. வெள்ளித் தகட்டில் பெயர் பொறித்தது. மரியா கடைசிவரை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1939-ல் இறந்தார்.

2006-ல் ஒரு வீட்டு பரணில் அந்த வயலின் அகப்பட்டது. கடல் உப்பு அரித்த தடம் இருக்கிறதா என்பது உள்பட பல வருடம் சோதித்தார்கள். 2013 அக்டோபரில் 9 லட்சம் பவுண்டுக்கு, அதாவது சுமார் 9 கோடி ரூபாய்க்கு விற்பனை ஆனது.

அதே குழுவில் ஜாக் ஹியூம் என்ற 21 வயது இளைஞரும் வயலின் வாசித்தார். கப்பல் மூழ்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரை வேலைக்கு அமர்த்திய ஏஜெண்டிடம் இருந்து தகப்பனாருக்கு கடிதம் வந்தது. மகனின் சீருடை கணக்கில் பாக்கி இருக்கிறது, உடனே கட்டவும் என்று!